‘அந்த நாள்’ படத்துக்கு அன்று ஏன் அத்தனை திட்டு?

கேள்வி: ஐயா, எங்கள் வீட்டில் ஒரு வாரமாகச் சண்டை. விஸ்காம் படிக்கும் என் மகன், ‘வாம்பயர்’ என்ற பழைய ஜெர்மன் ரத்தக்காட்டேரிப் படம் ஒன்றை டி.வி.யில் போட்டுக் காட்டினான். பாதிப் படம் ஒரே பனிமூட்டம். “என்ன ஸ்டைல் பாரும்மா” என்கிறான் அவன். “கதை எங்கேடா?” என்கிறார் என் மாமனார். பேச்சு வளர்ந்து ‘அந்த நாள்’ படத்தில் வந்து நின்றது. 1954இல் பள்ளிக்கூடப் பையனாக அதைப் பார்த்தவர் மாமனார். “பாட்டே இல்லை என்று கொட்டகையில் ஒரே கூச்சல். காசைத் திருப்பிக் கேட்டார்கள்” என்கிறார். “அப்போ ஆடியன்ஸுக்குப் பக்குவம் இல்லை தாத்தா” என்கிறான் மகன். இன்றைக்கு எல்லோரும் கொண்டாடும் படத்தை அன்று ஏன் அப்படித் திட்டினார்கள்? நிஜமாகவே பக்குவம் இல்லையா?
— ஒரு வாசகி, மந்தைவெளி

பதில்: மூன்று தலைமுறை ஒரே அறையில் உட்கார்ந்து, கையில் செல்போன் இல்லாமல், ஒரு படத்துக்காகச் சண்டை போடுகிறதா! உங்கள் வீட்டு டி.வி. கொடுத்துவைத்தது அம்மா. தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சாட்சி சொன்ன வகையில் மாமனார் சொல்வது சரி. அந்தச் சாட்சியத்திலிருந்து மகன் எடுத்த முடிவுதான் தப்பு.

படத்தைப் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம். ‘அந்த நாள்’ ஏவி.எம். தயாரிப்பு. தமிழ்ப் புத்தாண்டை ஒட்டி 1954 ஏப்ரலில் வெளிவந்தது. இயக்கியவர் எஸ். பாலசந்தர், அதாவது வீணை பாலசந்தர். பாட்டு, நடனம், சண்டை எதுவும் இல்லாத முதல் தமிழ்ப் படம் அது. வீணையில் பெயரெடுத்த ஒரு சங்கீதக்காரர்தான் தமிழின் முதல் பாட்டில்லாப் படத்தை எடுத்தார் என்பது எனக்கு இன்றைக்கும் ரசமான விஷயம். கதை 1943 அக்டோபரில் நடக்கிறது. சென்னையில் ஜப்பான் விமானம் குண்டு போட்ட இரவுக்கு மறுநாள் காலையில் ராஜன் என்ற இன்ஜினீயர் தன் வீட்டிலேயே சுடப்பட்டுக் கிடக்கிறார். ராஜனாக சிவாஜி. மனைவி உஷாவாகப் பண்டரிபாய். துப்பறிய வரும் சி.ஐ.டி. சிவானந்தமாக, படத்தின் திரைக்கதை வசனத்தையும் எழுதிய ஜாவர் சீதாராமன். சந்தேகத்துக்கு ஆளான ஒவ்வொருவரும் இன்னொருவர் மேல் கையைக் காட்ட, ஒவ்வொருவர் வாயிலும் ராஜன் வேறு வேறு ஆளாக வருகிறார்.

இனி பக்குவம் பற்றி. அந்தக் காலத்துச் சென்னைவாசிக்குத் துப்பறியும் கதை புரியாது என்று சொன்னால், அவர் சிரிப்பார். அதற்கு முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு முன்பிருந்தே வடுவூர் துரைசாமி ஐயங்கார், ஆரணி குப்புசாமி முதலியார், ஜே.ஆர். ரங்கராஜு ஆகியோரின் மர்ம நாவல்களைக் கைமாற்றிக் கைமாற்றிக் கிழியும்வரை படித்தவர்கள் நம் ஆட்கள். விகடனில் தேவன் எழுதிய ‘துப்பறியும் சாம்பு’ வந்தபோது துப்பறிவாளனைக் கிண்டல் செய்கிற அளவுக்கே வாசகர்கள் தேறியிருந்தார்கள். ஒரு வகையை நையாண்டி செய்து ரசிக்க வேண்டுமென்றால், அந்த வகை முதலில் அத்துப்படியாக இருக்க வேண்டும் அல்லவா? சினிமாவிலும் இதுவே கதை. வடுவூராரின் ‘திகம்பர சாமியார்’ 1950இல் மாடர்ன் தியேட்டர்ஸ் படமாக வந்தது. எம்.என். நம்பியார் வேடத்துக்கு மேல் வேடம் போட்டுத் துப்பறிந்தார். ஜனங்களும் ஆர்வமாகப் பார்த்தார்கள். ‘அந்த நாள்’ வந்த அதே 1954இல், சில மாதம் கழித்து, ‘மலைக்கள்ளன்’ வந்தது. அதிலும் ஒரே ஆளுக்கு இரட்டை வாழ்க்கை, மர்மம், போலீஸ் தேடல் எல்லாம் உண்டு. அமோக வெற்றி. இரண்டு படத்துக்கும் டிக்கெட் எடுத்தது ஏறக்குறைய ஒரே கூட்டம்தான். ஏப்ரலில் பக்குவம் இல்லாமல் இருந்து ஜூலையில் வந்துவிட்டது என்றால் அது பக்குவம் இல்லை, பருவமழை.

இன்னொரு காரணமும் சொல்வார்கள்: சிவாஜியைக் கெட்டவராகக் காட்டினால் ஜனம் ஏற்குமா என்று. அதுவும் நிற்காது. முந்தின வருஷமே ‘திரும்பிப் பார்’ படத்தில் அவர் சரியான போக்கிரியாக வந்தாயிற்று. படத்தில் ராஜன் செய்கிற தேசத்துரோகமும் அந்த ரசிகர்களுக்கு எங்கோ நடந்த கதை இல்லை. 1942இல் ஜப்பான்காரன் வந்துவிடுவான் என்ற பீதியில் மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் வீட்டைப் பூட்டிக்கொண்டு சொந்த ஊருக்கு ரயிலேறியவர்கள் எத்தனையோ பேர். உங்கள் மாமனார் வீட்டிலும் அப்படி ஒரு பயணம் நடந்திருக்கலாம், கேட்டுப் பாருங்கள். ராஜன் செய்கிற காரியத்தின் கனம் அவர்களுக்குப் புரிந்த அளவு இன்றைய விஸ்காம் மாணவருக்குப் புரியாது.

அப்படியானால் உண்மைக் காரணம் என்ன? ரசிகர்கள் வாங்கிய டிக்கெட் ஒரு படத்துக்கு, கொட்டகைக்குள் ஓடியது வேறொரு படம். காரணம் இவ்வளவுதான். ஆனால் இதைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும்.

சினிமாக்காரர்கள் ‘ஜானர்’ என்று ஒரு சொல்லை அடிக்கடி உபயோகிப்பார்கள். கதைவகை என்று பொருள். துப்பறியும் கதை, பேய்க்கதை, குடும்பக்கதை என்று பிரிப்பதோடு அதன் வேலை முடிந்துவிடுவதில்லை. எதை எதிர்பார்த்து உள்ளே வரலாம், எதை எதிர்பார்க்கக் கூடாது என்று ரசிகரோடு செய்துகொள்கிற பேசாத ஒப்பந்தம் அது. 1954இல் தமிழ்ப் படம் என்றாலே அந்த ஒப்பந்தத்தின் முதல் ஷரத்து பாட்டு. இருபது வருஷத்துக்கு முன் வந்த ‘பவளக்கொடி’யில் சுமார் ஐம்பது பாட்டு. அப்புறம் எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தது உண்மை. ஆனால் சைபர் ஆகும் என்று யாரும் கனவிலும் நினைக்கவில்லை. முன்னுதாரணமே இல்லாத விஷயத்தை டிக்கெட் கவுன்ட்டரில் நிற்பவர் எப்படி ஊகிப்பார்? புத்தாண்டுக்குக் குழந்தை குட்டியோடு வந்தவர், காசு வாசலிலேயே பாதி பறிபோனதாகத்தான் நினைப்பார்.

பாட்டை வெறும் அலங்காரமாகவும் நினைக்க வேண்டாம். இரண்டரை மணி நேரப் படத்தில் அது மூச்சு வாங்க ஓர் இடம். அழுகைக் காட்சிக்கும் அடுத்த அழுகைக் காட்சிக்கும் நடுவே கண்ணைத் துடைத்துக்கொள்ள, குழந்தையை வெளியே தூக்கிப் போய் வர, சோடா குடிக்க அதுதான் நேரம். வெளியே வரும்போது ஒரு ராகத்தை முணுமுணுத்துக்கொண்டு வரலாம், வாசலில் விற்கும் பாட்டுப் புத்தகத்தை வாங்கிக்கொள்ளலாம். ‘அந்த நாள்’ படத்தில் இந்த ஆசுவாசமே கிடையாது. எழுந்து வெளியே போய் வந்தால் ஒரு சாட்சியம் போயிற்று. பிறகு கதை புரியாது. புரியாதபோது கோபம் வருவது நியாயம்தானே.

அடுத்தது, சிவாஜி. ‘மனோகரா’ வந்து சில வாரம்தான் ஆகியிருந்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்டு, அரசவையே அதிர அவர் வசனம் பேசியதைக் கேட்ட காது, இன்னும் ஒரு முறை கேட்கலாம் என்று வந்து உட்கார்கிறது. இங்கே படம் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் அவர் சுடப்பட்டு விழுந்துவிடுகிறார். பிறகு வருவதெல்லாம் மற்றவர்கள் நினைவில். குரலும் வீட்டுக்குள் பேசுகிற அளவுக்குத்தான். நடிப்பாகப் பார்த்தால் எனக்கு இது ‘மனோகரா’வை விட ஒரு படி மேல். கைதட்டக் காத்திருந்தவருக்கோ தட்ட இடமே கிடைக்கவில்லை. இன்னொரு சுவையான தகவல்: ராஜன் வேடத்துக்கு முதலில் சிவாஜியே இல்லை. கல்கத்தாவில் பேராசிரியராக இருந்த என். விஸ்வநாதனை வைத்துப் படம்பிடித்தார்கள். தயாரிப்பாளர் மெய்யப்பச் செட்டியாருக்குத் திருப்தியில்லாமல், எடுத்ததை ஒதுக்கிவிட்டு சிவாஜியை வைத்து மறுபடி எடுத்தார்கள். அதே விஸ்வநாதன் பிறகு சத்யஜித் ராயின் ‘காஞ்சன்ஜங்கா’வில் நடித்தார். அவரையே வைத்திருந்தால் ஒருவேளை இத்தனை ஏமாற்றம் இருந்திருக்காது, படமும் இன்று இத்தனை பேருக்கு நினைவிருந்திருக்காது.

இப்போது உங்கள் மகனின் ரத்தக்காட்டேரிக்கு வருவோம். ஒரே பனிமூட்டம் என்று எழுதியிருக்கிறீர்கள். அது பிரின்ட் கோளாறு அல்ல. இயக்குநர் கார்ல் டிரையர் லென்ஸுக்கு முன்னால் மெல்லிய சல்லாத் துணியை வைத்துப் படம்பிடிக்கச் செய்தார். செலவு பெரிதாக இல்லாத படம். பணம் போட்ட பிரபுவே பெயரை மாற்றிக்கொண்டு கதாநாயகனாக நடித்தார். மற்றவர்களிலும் பெரும்பாலோர் தொழில்முறை நடிகர்கள் அல்ல. செட் போடாமல் பிரான்ஸில் நிஜமான பழைய கட்டடங்களிலேயே எடுத்தார்கள். நாயகன் ஒரு சவப்பெட்டிக்குள் கிடக்க, மூடியில் பதித்த கண்ணாடி வழியே கேமரா மேலே பார்க்கிற காட்சி நினைவிருக்கிறதா? மரக்கிளைகளும் ஆகாயமும் தலைக்கு மேலே நகர்ந்து போகும். பல்லோ ரத்தமோ ஒன்றும் வேண்டியிருக்கவில்லை, அடிவயிறு கலங்குகிறது.

ஆனால் 1932இல் பெர்லினில் அதைப் பார்த்தவர்கள் கேலிக் குரல் எழுப்பினார்கள். வியன்னாவில் காசைத் திருப்பிக் கேட்டுக் கலவரமாகி, போலீஸ் தடியோடு வர வேண்டியிருந்ததாகப் பதிவு இருக்கிறது. உங்கள் மாமனார் சொல்கிற அதே கூச்சல்தான், பாஷைதான் வேறு. வியன்னாக்காரர்களுக்குப் பக்குவம் இல்லை என்று உங்கள் மகன் சொல்வாரா? முந்தின வருஷம்தான் அமெரிக்காவிலிருந்து ‘டிராகுலா’ வந்திருந்தது. அதில் மேலங்கி போட்ட பிரபு ஒரு பக்கம், அவரை வேட்டையாடும் கெட்டிக்காரப் பேராசிரியர் ஒரு பக்கம் என்று எல்லாம் தெளிவாக இருக்கும். டிரையரின் நாயகனோ மர்மத்தைத் தேடி ஊருக்குள் வருகிறானே தவிர, பெரிதாக ஒன்றும் கண்டுபிடிப்பதில்லை. காட்டேரியைத் தீர்த்துக்கட்டும் வழியைப் புத்தகத்தைப் படித்துத் தெரிந்துகொண்டு கிளம்புபவர் வீட்டு வேலைக்காரக் கிழவர். நாயகன் நம்ம சாம்பு மாதிரி, ஆனால் சாம்புவுக்குக் கைகொடுக்கும் அதிர்ஷ்டமும் இல்லாதவன். துப்பறியும் கதை என்றால் கடைசியில் விடை வேண்டும். காட்டேரிக் கதை என்றால் விடையைப் பற்றிக் கவலைப்படாமல் பயத்துக்குள் இறங்க வேண்டும். இரண்டையும் ஒரே பாத்திரத்தில் போட்டால் விடை தேடி வந்தவர் திட்டுவார், பயம் தேடி வந்தவர் கொண்டாடுவார். உங்கள் வீட்டில் நடந்ததும் அதுவே.

ஸ்டைல் என்று உங்கள் மகன் சொல்வதிலும் விஷயம் இருக்கிறது. ‘அந்த நாள்’ ஒளிப்பதிவாளர் மாருதி ராவ் கையாண்டது ‘லோ-கீ’ முறை. முகத்தின் ஒரு பக்கம் மட்டும் விளக்கைக் காட்டி, மறுபக்கத்து நிழலைப் போக்க வைக்கும் விளக்கைக் குறைத்தோ அணைத்தோ விடுவது. இருட்டில் மறைகிற சுவருக்குச் செட் செலவு மிச்சம் என்று சிக்கனக்காரர்கள் சொல்வார்கள். ஆனால் நிழல் எங்கே விழவேண்டும் என்று ஒவ்வொரு ஷாட்டுக்கும் அளந்து வைப்பதற்கு நேரம் பிடிக்கும். ஸ்டுடியோவில் நேரமும் காசுதான். சந்தேகத்துக்குரிய ஆட்கள் மட்டுமே நிறைந்த ஒரு கதையில், எல்லா முகமும் பாதி இருட்டாக இருப்பதை விடப் பொருத்தமான விளக்கு அமைப்பு என்ன இருக்க முடியும்? பாட்டு செய்யவேண்டிய வேலையை நிழலிடம் கொடுத்தார் பாலசந்தர். அதைக் கேட்கிற காது, இல்லை, பார்க்கிற கண், பழகச் சற்று நாள் ஆனது.

பழக்கம் என்று நானும் ஒத்துக்கொள்வதால் மகன் ஜெயித்துவிட்டதாக நினைக்க வேண்டாம். 2019 தீபாவளிக்கு ‘கைதி’ வந்தது. பாட்டு இல்லை, கதாநாயகி இல்லை, ஓர் இரவில் நடக்கிற கதை. பண்டிகை நாளில் குடும்பம் குடும்பமாகப் போய்ப் பார்த்தார்கள். ஒருவரும் காசைத் திருப்பிக் கேட்கவில்லை. வருவதற்கு முன்பே அது இப்படிப்பட்ட படம் என்று ஊருக்கே தெரிந்திருந்தது. பாட்டுக்குப் பதில் லாரியும் சண்டையும் கிடைக்கும் என்றும் தெரிந்திருந்தது. இன்று ‘அந்த நாள்’ பார்ப்பவரும் அப்படியே. பாட்டு கிடையாது, தேசிய விருதுகளில் தகுதிச் சான்றிதழ் பெற்ற படம், தமிழின் முக்கியமான மர்மப் படம் என்றெல்லாம் கேள்விப்பட்டு, சரியான டிக்கெட்டை வாங்கிக்கொண்டுதான் உட்காருகிறார். நடுவில் காபி போட எழுந்தால் ரிமோட் நிறுத்திவைக்கிறது. 1954இல் கொட்டகை மர நாற்காலியில் உட்கார்ந்தவருக்கு இதில் எதுவும் கிடையாது.

பாலசந்தரும் இதைக் கவனித்திருக்க வேண்டும். பத்து வருஷம் கழித்து அவர் எடுத்த ‘பொம்மை’யும் மர்மப் படமே, ஆனால் அதில் பாட்டு உண்டு. ஜேசுதாஸின் குரலைத் தமிழ் சினிமா முதலில் கேட்டதே அந்தப் படத்தில்தான். துப்பறிந்த ஜாவர் சீதாராமனும் 1967இல் ‘பட்டணத்தில் பூதம்’ படத்தில் ஜீபூம்பா பூதமாகவே வந்தார். சி.ஐ.டி.யைப் பார்த்துக் கூச்சல் போட்ட அதே ஊர் பூதத்தைக் கைதட்டி வரவேற்றது. தலைப்பிலேயே பூதம் இருந்தபோது யார் என்ன புகார் சொல்ல முடியும்?

கடைசியாக ஒரு யோசனை. மூவரும் ‘அந்த நாள்’ படத்தை ஒரு முறை சேர்ந்து பாருங்கள், ரிமோட்டை யாரும் தொடாமல். கொலையாளி யார் என்பது மாமனாருக்குத் தெரியும், மகனுக்கும் தெரியும். அதனால் இந்த முறை சி.ஐ.டி. கேள்வி கேட்கும்போது பதில் சொல்பவரைப் பார்க்காமல், அதே அறையில் பேசாமல் இருப்பவர்களின் முகத்தைக் கவனிக்கச் சொல்லுங்கள். யாருடைய முகம் என்று இங்கே எழுத மாட்டேன். படத்தை இன்னும் பார்க்காத மயிலாப்பூர்க்காரர் யாராவது இந்தப் பக்கத்தைப் படித்துக்கொண்டிருப்பார்.