"நீங்க எந்தத் தோட்டம்?"

மலேசியாவின் தஞ்சோங் ரம்புத்தானில் ஒரு சாப்பாட்டுக் கடை. இடமில்லாமல் ஒரே மேசையில் உட்கார்ந்த இரண்டு பெரியவர்கள். தே தாரிக் ஆறுவதற்குள் கேள்வி வந்துவிடும்.

"நீங்க எந்தத் தோட்டம்?"

"சிம்மோர் பக்கம்."

"அட! எங்க சின்னம்மாவை அங்கதான் கட்டிக் கொடுத்தது."

அடுத்த நிமிடம் இருவரும் மச்சான் முறை ஆகியிருப்பார்கள்.

நம்பிக்கை: இது லட்சத்தில் ஒரு சந்திப்பு. ஆண்டவன் கூட்டிவைத்தது.

உண்மை: கூட்டிவைத்தவர் பெரும்பாலும் கங்காணி. ரப்பர் தோட்டத்துக்கு ஆள் தேவைப்பட்டபோது, அங்கே வேலை பார்த்த கங்காணியையே தமிழ்நாட்டுக்கு அனுப்பினார்கள். அவர் முன்பின் தெரியாத ஊருக்கா போவார்? சொந்த ஊரில் இறங்கி, அங்காளி பங்காளி, அக்கம்பக்கத்தார் என்று திரட்டிக் கப்பலேற்றினார். 1938-இல் இந்திய அரசு தடுக்கும்வரை இப்படித்தான் நடந்தது. ஒரு கிராமத்தின் தெரு அப்படியே ஒரு லயத்துக்கு இடம் மாறியது. பிள்ளைகளுக்குத் தோட்டப் பள்ளி, பெண் கொடுக்கப் பக்கத்துத் தோட்டம். பின்னாளில் தோட்டங்கள் துண்டாடப்பட்டும் விற்கப்பட்டும் போனபோது, அதே குடும்பங்கள் ஈப்போவைச் சுற்றிய தாமான் குடியிருப்புகளுக்கு வந்து சேர்ந்தன. கலைக்காத சீட்டுக்கட்டில் ராஜாவுக்குப் பக்கத்தில் ராணி வந்தால் யாராவது வாய் பிளப்பார்களா?

சரி, சீட்டை நன்றாகக் கலைத்துவிட்டதாகவே வைத்துக்கொள்வோம். மலேசிய இந்தியர்கள் ஏறத்தாழ 20 லட்சம். உங்களுக்கு அவர்களில் 500 பேரைத் தெரியும், எதிரே இருப்பவருக்கும் 500 பேர். இருவருக்கும் பொதுவாக ஒருவராவது இருக்க, ஏறக்குறைய எட்டில் ஒரு வாய்ப்பு. ஒரு படி தள்ளி, "என் ஆளுக்கு உங்கள் ஆளைத் தெரியும்" என்ற கணக்குக்குப் போனால், அறுபது சோடிகளாவது தேறும். தொடர்பே இல்லாமல் இருப்பதுதான் அதிசயம்.

நம்பிக்கை: "இவ்வளவு பொருத்தம் தற்செயலாக அமையுமா?"

உண்மை: எந்தப் பொருத்தம் என்று முன்கூட்டியே யார் சொன்னது? தோட்டம் ஒத்துவராவிட்டால் பள்ளிக்கூடம். அதுவும் இல்லையென்றால் மாப்பிள்ளை வீடு. கடைசியில், 1911 முதல் இந்த ஊரில் இருக்கும் மனநல மருத்துவமனையில் வேலை பார்த்த யாரோ ஒருவர். ஏதாவது ஒன்று பொருந்தினால் போதும் என்பது எவ்வளவு எளிது பாருங்கள். தைப்பூசத்துக்குக் கல்லுமலைக் கோயிலுக்குப் போகும் பஸ்ஸில் 23 பேர் இருந்தாலே, யாரோ இருவருக்குப் பிறந்தநாள் ஒன்றாக இருக்கப் பாதிக்குச் சற்று மேல் வாய்ப்பு. அது உங்கள் பிறந்தநாளாகவே இருக்க வேண்டுமென்றால், அதே வாய்ப்புக்கு உங்களைத் தவிர 253 பேர் வேண்டும். பேச்சில் நாம் தேடுவது முதல் வகை, வியப்பதோ இரண்டாம் வகை கிடைத்ததுபோல.

"நினைச்சேன், வந்துட்டீங்க, ஆயுசு நூறு" என்பதும் இதே கதைதான். நினைத்தும் வராதவர்களுக்கு யாரும் ஆயுசு எண்ணுவதில்லை. ஒன்றுமே ஒத்துவராமல் தேநீரைக் குடித்துவிட்டு எழுந்துபோன மேசைகளைப் பற்றியும் யாரும் வீட்டில் சொல்வதில்லை.

இளையவர்களிடம் அந்தக் கேள்வி உடனே செல்லுபடியாவதில்லை. "எந்தத் தோட்டம்?" என்றால் தாமான் பெயரைச் சொல்கிறார்கள். பெரியவர் விடுவாரா?

"அது சரிப்பா, அப்பா எந்தத் தோட்டம்?"

"தெரியலையே அங்கிள்."

"தாத்தா?"