பாட்டியின் இலத்தீனும் பேரனின் ஆங்கிலமும்



"சுவாமி, இங்கிலீஷ் வார்த்தைகளை எத்தனை முறை மனப்பாடம் செய்தாலும் நிற்கவில்லையே!" என்று கல்லூரிக்குப் போகும் நம் பிள்ளைகள் குறைப்படுகிறார்கள். நாளுக்கு இருபது எழுதி மறுநாளே பத்தொன்பதை மறக்கிறார்களாம். தனியாக வந்த வார்த்தை தனியாகவே போய்விடும். குடும்பத்தோடு வந்தால் தங்கும்.

ஆங்கிலத்தில் கடினமென்று நாம் அஞ்சும் சொற்களில் பெரும்பகுதி இலத்தீனில் பிறந்தவை. அந்த இலத்தீன் நமக்கு அந்நியமன்று. இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் 1963-ல் தாய்மொழிக்கு இடங்கொடுக்கும்வரை பூசையே அம்மொழியில்தான். எழுபது வயது கடந்த பெரியவர்களுக்குப் 'பாத்தேர் நோஸ்தேர்' இன்னும் நாவில் வரும். பொருள் தெரியாமல் சொன்னோமே என்று அவர்கள் வெட்கப்பட வேண்டாம். இப்போது பேரனுக்கு உதவட்டும்.

அந்தப் பரலோக மந்திரத்தையே பாருங்கள். 'பாத்தேர்' என்றால் தகப்பன். அதிலிருந்து 'பேட்டர்னல்', தகப்பனுக்குரிய, 'பேட்ரிமனி', தகப்பன்வழிச் சொத்து, 'பேட்ரன்', ஆதரவாளர். அப்பத்துக்கு 'பானிஸ்'. 'கூட' எனப் பொருள்படும் சொல் அதன்முன் சேர, 'கம்பேனியன்' பிறந்தது: கூட அமர்ந்து அப்பம் உண்பவனே தோழன்! நற்கருணைப் பந்தியில் கூடும் நமக்கு இதைவிட இனிய சொல் வேறேது? அனுதினத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து 'கோட்டிடியன்', அன்றாட என்பது பொருள். பட்டதாரிகளே தடுமாறும் சொல் இது. 'தேபித்தா' கடன்கள், வங்கிப் புத்தகத்து 'டெபிட்' அதன் பிள்ளை. விசுவாசப் பிரமாணத்துக் 'கிரேதோ'வோ பெருங்குடும்பி: 'கிரெடிட்', 'கிரெடிபிள்', 'இன்கிரெடிபிள்', எதையும் சட்டென நம்பிவிடும் ஏமாளிக்குக் 'கிரெடுலஸ்'.

ஓசையை மட்டும் பார்த்து உறவு கொண்டாடக் கூடாது. திகிலைக் குறிக்கும் 'பானிக்' அப்பத்தின் உறவல்ல; அது கிரேக்கத்திலிருந்து வந்தது. அகராதியைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

வெள்ளாற்றுக்கு அப்பால், அரியலூர் மாவட்டத்து ஏலாக்குறிச்சியில் உழைத்த வீரமாமுனிவர் இத்தாலியர். அவர் நம் மொழியைக் கற்று 1732-ல் சதுரகராதி தொகுத்தபோது பெயர், பொருள், தொகை, தொடை என நான்காக வகுத்தார். ஒரே பொருள் தரும் சொற்கள் ஓரிடத்தில், இனமாய்த் தொகுத்துச் சொல்பவை வேறிடத்தில். மொழி கற்கவந்த அந்நியருக்கும் சொற்களை உறவோடு சேர்ப்பதே வழியாயிற்று.

ஒரு நோட்டில் பக்கத்துக்கு ஒரு வேர்ச்சொல் எழுதுங்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு சொந்த வாக்கியம். அது இலண்டனைப் பற்றி வேண்டாம், வெலிங்டன் ஏரியையோ உங்கள் வீட்டு மாட்டையோ பற்றி இருக்கட்டும். எழுதியதை வாய்விட்டுப் படியுங்கள்.

ஞாயிறு பூசை முடிந்ததும் நோட்டுடன் வாருங்கள், திருத்தித் தருகிறேன். 'கிரேதோ' தெரிந்த பாட்டிமாரையும் அழைத்து வரவும்.