வேடந்தாங்கல் ஏரியும் பறவைக் காவலும்

செங்கற்பட்டு ஜில்லாவில் மதுராந்தகத்திற்கு அருகிலுள்ள வேடந்தாங்கல் ஏரி சுமார் 74 ஏக்கர் விஸ்தீரணமுள்ளது. பருவமழையால் நீர் நிரம்பியதும் நத்தைக்குத்தி நாரை, அரிவாள்மூக்கன், நீர்க்காகம், வக்கா, வெண்கொக்கு முதலிய பறவைகள் இங்கு வந்து, ஏரியினுள் நிற்கும் நீர்க்கடம்ப மரங்களில் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கின்றன.

இப்பறவைகளைக் காக்க முதலில் முற்பட்டவர்கள் கிராமத்துக் குடியானவர்களேயாவர். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் இங்கு வேட்டையாடியதால் அவர்கள் கலெக்டரிடம் முறையிட்டனர் என்பர். 1798-ம் வருஷத்தில் கலெக்டர் லயனல் பிளேஸ், பறவைகளைக் காக்கும் உரிமையைக் கிராமத்தாருக்கு அளித்துக் கவுல் வழங்கினார். 1858-ல் அவ்வுரிமை மீண்டும் உறுதி செய்யப்பட்டது.

இக்காவலுக்கு ஜீவகாருண்யம் மட்டும் காரணமன்று. பறவைகளின் எச்சத்தில் நைட்ரஜனும் பாஸ்பாரிக் அமிலமும் உண்டு. அது ஏரிநீரில் விழுந்து கரைந்து, மதகின் வழியே ஆயக்கட்டு வயல்களுக்குப் பாய்கிறது. நீருடன் எருவும் சேர்ந்து வருவதை அனுபவத்தால் அறிந்த குடியானவர்கள், கூடுகளுக்குத் தீங்கு நேராமல் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்தனர்.

ஒரு கிராமத்தில் தொடங்கிய இக்காவல் நாளடைவில் விரிவடைந்தது. வேடந்தாங்கல் 1936-ல் பறவைச் சரணாலயமாக அங்கீகரிக்கப்பட்டது. அண்மையிலுள்ள கரிக்கிலி ஏரிகள் 1989-ல் சரணாலயமாயின. 2022-ல் இவ்விரண்டும் ராம்சர் உடன்படிக்கையின் கீழ் சர்வதேச முக்கியத்துவமுள்ள நீர்நிலைகளாகச் சேர்க்கப்பட்டன.

ஆயினும், கூடு கட்டும் ஏரியை மட்டும் காத்தல் போதாது. பறவைகள் மீன், தவளை, நத்தை முதலியவற்றைச் சுற்றுப்புறத்து ஏரிகளிலும் நெல்வயல்களிலும் தேடியே குஞ்சுகளை வளர்க்கின்றன. அவ்வேரிகள் தூர்ந்தாலும், ஆக்கிரமிக்கப்பட்டாலும், வயல்களில் பூச்சிமருந்து அளவு மீறித் தெளிக்கப்பட்டாலும் இரை குன்றும். நீர் வற்றிய வருஷங்களில் பறவைகள் இங்கு தங்குவதில்லை. அவ்வருஷங்களில் அவற்றின் எருவும் வயலுக்குக் கிட்டாது.

ஆதலால் ஏரியுள்ள கிராமங்களின் நிலச்சுவான்தார்களும் கிராம உத்தியோகஸ்தர்களும் கவனிக்கத்தக்கவை வருமாறு: வரத்துக்கால்களை மழைக்கு முன்பே செப்பனிடுதல், ஏரியினுள் உள்ள மரங்களை வெட்டாதிருத்தல், கூடு கட்டும் காலத்தில் வெடிச் சத்தத்தை விலக்குதல், ஏரிப் புறம்போக்கில் ஆக்கிரமிப்பைத் தொடக்கத்திலேயே தடுத்தல். கவுல் கிடைப்பதற்கு முன்னரே வேடந்தாங்கல் குடியானவர்கள் தங்கள் ஏரியைக் காத்தனர். உத்தரவு வரட்டும் என்று காத்திராமல் மற்றக் கிராமத்தாரும் இவற்றைச் செய்யலாம். ஏரி நிலைத்தால் பறவையும் வரும், பயிரும் செழிக்கும்.