வீட்டு நாய்க்குத் தெள்ளு மருந்தும் புழு மருந்தும்: நன்மை தீமைகளைச் சீர்தூக்கும் முறை

களத்தையும் பட்டியையும் காவல் காக்கும் நாயும், குதிரிலுள்ள தானியத்தை எலியினின்று காக்கும் பூனையும் விவசாயக் குடும்பத்தின் உடைமைகளுள் சேர்ந்தவையே. உழவு மாட்டுக்கோ கறவைப் பசுவுக்கோ நோய் கண்டால் உடனே வைத்தியரை நாடும் குடும்பங்களிலுங்கூட, நாய்க்குச் சொறியோ தெள்ளோ புழுவோ கண்டால், மாட்டுக்கு வாங்கி எஞ்சிய மருந்தைக் கண்ணளவாகக் கொடுத்துவிடும் வழக்கம் இருந்து வருகிறது. வேறு சிலர், இம்மருந்துகள் யாவும் விஷமென்று அஞ்சி, ஒன்றும் செய்யாமல் விட்டுவிடுகின்றனர். இவ்விரண்டு வழிகளிலும் தீங்குண்டு. நோயினால் வரக்கூடிய கெடுதியை ஒரு தட்டிலும் மருந்தினால் வரக்கூடிய கெடுதியை மற்றொரு தட்டிலும் வைத்து நிறுத்துப் பார்ப்பதே முறையாகும். அவ்வாறு நிறுத்துப் பார்க்கும் விதம் இங்கே விவரிக்கப்படுகிறது.

நோயினால் விளையும் தீங்கு

நாயின் குடலில் வாழும் புழுக்களுள் உருண்டைப்புழு, கொக்கிப்புழு, நாடாப்புழு ஆகிய மூன்றும் முக்கியமானவை. உருண்டைப்புழு, குட்டி தாயின் கர்ப்பத்தில் இருக்கும்போதே அதனை அடைந்துவிடுகிறது. கொக்கிப்புழு தாய்ப்பாலின் வழியாகவும், ஈரமண்ணிலிருந்து தோலைத் துளைத்தும் உட்புகுகிறது. இப்புழு குடற்சுவரைப் பற்றி இரத்தத்தைக் குடிப்பதால், பிறந்து மூன்று வாரங்களுக்குள்ளாகவே குட்டிகள் ஈறு வெளுத்து, கறுத்த மலம் கழித்து இறப்பதுண்டு.

இத்தீங்கு நாயோடு நின்றுவிடுவதில்லை. உருண்டைப்புழுவின் முட்டைகள் மண்ணில் பல வருஷங்கள் அழியாதிருக்கும். மண்ணில் விளையாடும் குழந்தை அவற்றை விழுங்கினால், முட்டையினின்று வெளிவரும் இளம்புழுக்கள் ஈரல், நுரையீரல் முதலிய உறுப்புக்களில் திரியும். கண்ணை அடைந்தால் பார்வை கெடுதலும் உண்டு. கொக்கிப்புழுவின் இளம்புழுக்கள் வெறுங்காலின் தோலுக்குள் நெளிந்து சென்று, கடும் அரிப்புடன் கோடுகோடாகத் தடிக்கச் செய்யும். ஒருவகை நாடாப்புழுவினால் செம்மறியாடு மூளையில் கட்டி கண்டு வட்டமிட்டுச் சுற்றி மடிகிறது. வேறொரு வகையினால் ஆடு, மாடு, மனிதர் ஆகியோரின் ஈரலிலும் நுரையீரலிலும் பெரிய நீர்க்கட்டிகள் உண்டாகின்றன. அறுத்த ஆட்டின் கழிவுறுப்புக்களைப் பச்சையாகத் தின்னும் நாயே இவ்விரு நோய்களையும் பரப்புகிறது.

தெள்ளுப்பூச்சி அரிப்பையும் புண்ணையும் உண்டாக்குவதுடன் மற்றொரு நாடாப்புழுவையும் சுமந்து செல்கிறது. நாய் தன் உடலைக் கடித்துச் சொறியும்போது தெள்ளை விழுங்கி அப்புழுவைப் பெறுகிறது. ஆகவே தெள்ளை ஒழிக்காமல் புழு மருந்து மட்டும் கொடுத்தால், புழு மீண்டும் வந்து சேரும்.

முற்கால மருந்துகள்

புழு மருந்து என்றாலே அஞ்சுவதற்கு ஒரு காலத்தில் நியாயம் இருந்தது. 1921இல் அமெரிக்க ஐக்கிய நாட்டில் மாரிஸ் ஹால் என்னும் கால்நடை விஞ்ஞானி, நாயின் கொக்கிப்புழுவுக்குக் கார்பன் டெட்ராகுளோரைடு என்னும் திரவம் பயன்படுமெனக் கண்டார். அது புழுவைக் கொன்றது. ஆயினும் ஈரலைக் கெடுக்கும் குணமுடையது. பாக்கிலுள்ள அரிகோலின் என்னும் சத்தும் நாடாப்புழுவை வெளியேற்ற நெடுங்காலம் கொடுக்கப்பட்டது. அது கடும்பேதியை உண்டாக்கிப் புழுவைத் தள்ளுவதன்றி அதனைத் தவறாமல் கொல்வதில்லை. நலிந்த நாய்கள் அதனால் சோர்ந்து விழுவதும் உண்டு. ஆட்டு மந்தைகள் மிகுந்த நியூஸிலாந்து தேசத்தில் நீர்க்கட்டி நோயை ஒழிக்க நாய்களுக்கு இதனையே முதலில் கொடுத்தனர். பின்னர் பிராசிகுவாண்டெல் என்னும் மருந்து வந்தது. அதனை ஆறு வாரங்களுக்கு ஒருமுறை கொடுத்தும், பச்சைக் கழிவுறுப்புக்களை நாய்க்கு இடுவதைத் தடுத்தும் வந்ததன் பயனாக, 2002இல் அந்நாடு இந்நோயினின்று நீங்கியதாக அறிவிக்கப்பட்டது.

இக்காலத்தில் வழங்கும் பைரண்டெல், பென்பெண்டசோல், பிராசிகுவாண்டெல் ஆகியவை பழைய மருந்துகளைக்காட்டிலும் பன்மடங்கு அபாயம் குறைந்தவை. உதாரணமாக, பைரண்டெல் குடலிலிருந்து இரத்தத்தில் அதிகமாகச் சேர்வதில்லை. குடலில் தங்கிப் புழுவின் தசைகளை மரக்கச் செய்து, மலத்தோடு வெளியேறிவிடுகிறது. இரண்டு வாரக் குட்டிக்கும் அதனைக் கொடுக்கலாம் என்பதற்கு இதுவே காரணம்.

அளவைப் பற்றிய கணக்கு

மருந்தின் பெயர் ஒன்றேயாயினும், மாட்டுக்குரிய அளவு வேறு, நாய்க்குரிய அளவு வேறு. இதனை விளக்க ஐவர்மெக்டின் தக்க உதாரணமாகும். ஜப்பான் தேசத்து மண்ணில் கிடைத்த ஒரு நுண்ணுயிரிலிருந்து பெறப்பட்ட சத்தினின்று இம்மருந்து உண்டாயிற்று. இதனைக் கண்டறிந்த சடோஷி ஓமுரா, வில்லியம் காம்பெல் ஆகிய இருவருக்கும் 2015இல் வைத்திய நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

மாடுகளுக்கு ஊசி மூலம் செலுத்தும் 1 சதவீத மருந்தில், 1 மில்லி லிட்டருக்கு 10,000 மைக்ரோகிராம் சத்து உண்டு. இது 50 கிலோ எடையுள்ள மாட்டிற்குரிய அளவு. அதாவது கிலோ ஒன்றுக்கு 200 மைக்ரோகிராம். நாய்க்கு இதயப்புழு வராமல் தடுக்க மாதந்தோறும் கொடுக்கும் மாத்திரையிலோ, கிலோ ஒன்றுக்கு 6 மைக்ரோகிராம் மட்டுமே போதும். எனவே 10 கிலோ நாய்க்கு வேண்டுவது 60 மைக்ரோகிராம். மாட்டு மருந்தில் 1 மில்லி லிட்டரை அந்நாய்க்குச் செலுத்தினால், அது பெறுவது இவ்வளவைப்போல் 166 மடங்காகும். 2 கிலோ எடையுள்ள குட்டிக்கு அதையே செலுத்தினால் 800 மடங்கிற்கு மேலாகிவிடும். அதனால் கண்மணி விரிதல், தள்ளாட்டம், நடுக்கம், மயக்கம், மரணம் வரையில் விளையலாம். இதற்கு மாற்று மருந்து கிடையாது. சொறிநோய்க்காகக் கால்நடை வைத்தியர்கள் இதனைச் சற்று அதிக அளவிற் கொடுப்பதுண்டு. ஆயினும் அவர்கள் நாயை நிறுத்து, இனமறிந்து, உடனிருந்து கவனித்தே அவ்வாறு செய்கின்றனர்.

ஆடுகளுக்குப் புகட்டும் லெவாமிசோல் மருந்தும் இத்தகையதே. நாயைப் பொறுத்தவரை, அதன் பயனளிக்கும் அளவிற்கும் நஞ்சாகும் அளவிற்கும் இடையேயுள்ள தூரம் குறுகியது.

இனத்தினால் வரும் வேற்றுமை

ஐவர்மெக்டின் வழக்கத்திற்கு வந்த பின்னர், மற்ற நாய்கள் தாங்கிய அளவைக் கோலி என்னும் இடைநாய்கள் தாங்காமல் விழுந்தன. இதன் காரணம் 2001இல் அமெரிக்காவிலுள்ள வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தாரால் கண்டறியப்பட்டது. மூளைக்குள் புகும் மருந்தை வெளியே தள்ளும் ஒருவகைப் புரதம் உண்டு. அப்புரதத்தை ஆக்கும் பரம்பரைக் கூறு இந்நாய்களிற் பலவற்றில் பழுதுற்றிருக்கிறது. அதனால் மருந்து மூளையிற் சேர்ந்துவிடுகிறது. அல்சேஷன் நாய்களிலும் சிலவற்றிற்கும், இவ்வினங்களின் கலப்பாய்ப் பிறந்தவற்றிற்கும் இப்பழுது இருக்கலாம். ஆகவே சீமை நாயோ கலப்பு நாயோ வளர்ப்போர், அதனை வைத்தியரிடம் முன்னதாகவே தெரிவிப்பது அவசியம். மாதந்தோறும் கொடுக்கும் சிறிய அளவு இந்நாய்களுக்கும் தீங்கு செய்வதில்லை என்பதையும் கவனிக்கவேண்டும்.

பூனையின் விஷயம் இதனினும் கடுமையானது. நாயின் முதுகில் இடும் தெள்ளு மருந்துகள் சிலவற்றில் பெர்மெத்ரின் மிகுதியாக இருக்கிறது. நாயின் ஈரல் அதனைச் சிதைத்து வெளியேற்றிவிடும். பூனையின் ஈரலுக்கு அவ்வாற்றல் மிகக்குறைவு. நாய்க்குரிய சில துளிகளே பூனைக்கு வலிப்பை உண்டாக்கிக் கொன்றுவிடலாம். மருந்திட்ட நாயோடு பூனை ஒட்டிப் படுப்பதனாலும் இது நேர்வதுண்டு.

எச்சரிக்கைகளை எடை போடுதல்

தீங்கு நேர்ந்ததாக வரும் செய்திகளை அலட்சியம் செய்வதும் தவறு. அவற்றைக் கேட்டு மருந்தையே கைவிடுவதும் தவறு. முதுகில் இடும் தெள்ளு, உண்ணி மருந்துகளைப் பற்றி 2008ஆம் வருஷத்தில் மட்டும் அமெரிக்காவில் ஏறத்தாழ 44,000 புகார்கள் வந்தன. அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் அவற்றை ஆராய்ந்து 2010இல் முடிவுகளை வெளியிட்டது. பெரும்பாலானவை தோல் அரிப்பு முதலிய சிறு தொல்லைகள்; மரணங்களும் சில இருந்தன. சிறிய நாய்களே அதிகம் துன்புற்றன என்பதும், நாய் மருந்தைப் பூனைக்கு இட்டதனால் பல கேடுகள் நேர்ந்தன என்பதும் தெளிவாயின. எடைக்கேற்ற அளவும் சீட்டிலுள்ள எச்சரிக்கையும் இன்னும் தெளிவாக இருக்கவேண்டுமென்று அந்நிறுவனம் தீர்மானித்தது.

அவ்வாறே, தெள்ளுக்கும் உண்ணிக்கும் வாய்வழி கொடுக்கும் ஐசாக்ஸசோலின் வகை மாத்திரைகளைக் குறித்து, 2018இல் அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகம் ஓர் எச்சரிக்கை விடுத்தது. பெரும்பாலான நாய்களுக்கு இவை தீங்கற்றவையாயினும், சிலவற்றிற்கு நடுக்கமும் தள்ளாட்டமும் வலிப்பும் வரலாம் என்பதே அதன் சாரம். முன்பு வலிப்பு கண்ட நாயின் சொந்தக்காரருக்கு இது மிக முக்கியமான செய்தி. மற்றவர்க்கு அறிந்து வைத்துக்கொள்ள வேண்டிய செய்தி. எச்சரிக்கையைக் கேட்டவுடன் வினவவேண்டியவை நான்கு: எந்தப் பிராணிக்கு, என்ன எடைக்கு, எவ்வளவு கொடுத்தார்கள், அதற்கு முன்பு அதன் தேகநிலை எவ்வாறிருந்தது என்பனவே.

செய்யவேண்டிய முறை

முதலாவது, நாயை நிறுத்தல் வேண்டும். ஒருவர் நாயைத் தூக்கிக்கொண்டு எடைப்பொறியில் நின்று, பின் தனியே நின்று, முன்னதிலிருந்து பின்னதைக் கழித்தால் நாயின் எடை கிடைக்கும். சிறு குட்டியைக் கூடையிலிட்டுத் தராசில் நிறுக்கலாம். வளரும் குட்டியை ஒவ்வொரு தடவையும் புதிதாக நிறுத்தல் அவசியம்.

இரண்டாவது, புழு மருந்தைக் குட்டிக்கு இரண்டாவது வாரத்தில் தொடங்கி, பால் மறந்து இரண்டு வாரம் ஆகும்வரை, இரண்டு வாரங்களுக்கொருமுறை கொடுக்கவேண்டும். தாய்க்கும் உடன் கொடுக்கவேண்டும். வளர்ந்த நாய்க்குப் பொதுவாக மூன்று மாதங்களுக்கொருமுறை போதும். மிகவும் மெலிந்து வெளுத்த நாய்க்கும், சினையுற்ற நாய்க்கும் வைத்தியரைக் கேட்டே கொடுத்தல் வேண்டும்.

மூன்றாவது, தெள்ளை நாயின் உடலில் மட்டும் தேடுவது போதாது. கண்ணிற்படும் தெள்ளுகள் மொத்தத்தில் ஒரு சிறு பங்கே. முட்டையும் புழுவும் கூடுமாகிய பெரும்பங்கு நாய் படுக்கும் சாக்கிலும், தொழுவத்துப் புழுதியிலும், திண்ணை இடுக்கிலும் கிடக்கிறது. சாக்கை வெந்நீரில் அலசி வெயிலில் உலர்த்துவதும், இடத்தைப் பெருக்கிக் குப்பையை எரிப்பதும் மருந்தின் தேவையைக் குறைக்கும். கூட்டிற்குள் இருக்கும் தெள்ளு பல வாரங்கள் கழித்தும் வெளிவருமாதலால், இவ்வேலையை இடைவிடாது செய்யவேண்டும்.

நான்காவது, வயலுக்குத் தெளிக்கும் பூச்சிமருந்தை எக்காரணத்தாலும் நாயின்மேல் பூசலாகாது. அதனால் வாய்நீர் ஒழுகல், கண்மணி சுருங்கல், நடுக்கம், மூச்சுத்திணறல் உண்டாகி நாய் இறக்கும். பூசியவருக்கும் கேடு நேரும். மண்ணெண்ணெயும் புகையிலைக் கஷாயமும் அவ்வாறே விலக்கத்தக்கவை. முன்னது தோலை வெந்துபோகச் செய்யும், பின்னது நேரே நஞ்சாகும்.

தவறுதலாக உடலில் மருந்து பட்டுவிட்டால், கையுறை அணிந்து, வெதுவெதுப்பான நீரும் சோப்பும் கொண்டு உடனே கழுவி, மருந்துப் புட்டியையும் கையோடு எடுத்துக்கொண்டு கால்நடை ஆஸ்பத்திரிக்கு விரையவேண்டும். மயங்கிய பிராணியின் வாயில் பாலோ எண்ணெயோ ஊற்றலாகாது. அது நுரையீரலிற் புகுந்துவிடும்.

கிராம அதிகாரிகளின் கவனத்திற்கு

ஆடு அறுக்கும் இடங்களில் நீர்க்கட்டியுள்ள ஈரலையும் நுரையீரலையும் நாய்க்கு எறியாமல் ஆழக் குழிதோண்டிப் புதைக்கும்படி செய்வது, மருந்துச் செலவின்றியே நோயைத் தடுக்கும் வழியாகும். மருந்திட்ட நாயைக் குடிநீர்க் குளத்தில் குளிப்பாட்டுவதைத் தடுப்பதும் அவர்கள் கடமையே. இங்கிலாந்தின் ஆறுகளில் பிப்ரோனில் என்னும் தெள்ளு மருந்து பரவலாகக் காணப்படுவதாக 2020இல் வெளியான ஓர் ஆய்வு தெரிவிக்கிறது. அது நீர்வாழ் சிறுபூச்சிகளுக்கு மிகக் கொடியது. மீன்கள் அப்பூச்சிகளை உண்டு வாழ்பவை. கால்நடை மருத்துவ முகாம்கள் நடைபெறும்போது, மாடுகளோடு நாய்களையும் கொண்டுவந்து நிறுத்து மருந்து பெறும்படி ஊராருக்கு முன்கூட்டியே அறிவித்தல் நலம்.

நிறுத்துக் கொடுத்த மருந்தினால் வரும் அபாயம் சிறிது. மருந்தின்றி விட்ட புழுவினால் குட்டிகளுக்கும் குழந்தைகளுக்கும் வரும் அபாயம் பெரிது. அளவறியாது கொடுத்த மருந்தின் அபாயமோ அவ்விரண்டினும் விரைவில் வந்து சேரும். ஆகையால் விவசாயிகள் மாட்டு மருந்தை மாட்டிற்கென்றும் நாய் மருந்தை நாய்க்கென்றும் தனித்தனியே சீட்டெழுதி ஒட்டி, குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைத்துக்கொள்வாராக. அடுத்த தடவை மருந்து கொடுக்குமுன் நாயை நிறுத்து, அந்த எடையையும் தேதியையும் வீட்டுக் கணக்குப் புத்தகத்தில் குறித்து வைத்தல் வேண்டும்.