ஜனாஸாவுக்கு முந்திய கடமை



காரியாபட்டி வட்டாரத்தில் ஒரு வீட்டில் மௌத்து நேர்ந்துவிட்டால் நம் மக்கள் காட்டும் சுறுசுறுப்பு பாராட்டுக்குரியது. பள்ளிவாசலில் அறிவிப்புச் செய்யப்படுகிறது. சந்தூக்கு வந்து சேருகிறது. குளிப்பாட்டுவோரும், கபன் வெட்டுவோரும், கப்ரு தோண்டுவோரும் அழைக்காமலே கூடிவிடுகிறார்கள். ஜனாஸாவின் காரியங்கள் பர்லு கிபாயா என்பதையும், எவருமே செய்யாவிட்டால் ஊர் முழுதும் குற்றத்திற்குள்ளாகும் என்பதையும் நம் முன்னோர் நமக்கு நன்கு பதிய வைத்துச் சென்றிருக்கிறார்கள்.

ஆனால், அதே மனிதர் அதற்கு முன் ஆறு மாத காலம் படுக்கையில் கிடந்தாரே, அப்போது அவரைப் புரட்டிப் படுக்க வைத்தவர் யார்? முதுகுப் புண்ணைத் துடைத்தவர் யார்? இரவில் வலியால் முனகியபோது அருகில் இருந்தவர் யார்? பிள்ளைகள் பிழைப்புக்காகச் சிவகாசிக்கும் திருப்பூருக்கும் வளைகுடா நாடுகளுக்கும் போய்விட்ட காலம் இது. முதியவர்களில் சிலர் வீட்டில் தனித்திருக்கிறார்கள். சிலர் முதியோர் இல்லங்களில் இருக்கிறார்கள். குணமாகும் நிலையைக் கடந்துவிட்ட இத்தகையவர்கள் விஷயத்தில் நம்மீதுள்ள கடமைகள் எவை என்பதே இந்தப் பாடம்.

மருத்துவம் எதுவரை?

அல்லாஹ் ஒவ்வொரு நோய்க்கும் மருந்தை வைத்திருப்பதால் மருத்துவம் செய்துகொள்ளுமாறு நாயகம் (ஸல்) அவர்கள் ஏவினார்கள். அதே ஹதீஸில் ஒன்றை மட்டும் விலக்கிச் சொன்னார்கள், அதுதான் முதுமை. திர்மிதீ, அபூதாவூது ஆகிய கிரந்தங்களில் இது வந்துள்ளது. மருந்து உண்பது தவக்குலுக்கு மாற்றமல்ல என்பதையும், முதுமைக்கு முடிவு உண்டு என்பதையும் இதிலிருந்து சேர்த்தே விளங்க வேண்டும்.

பலன் உறுதியில்லாத சிகிச்சையை விட்டுவிட்டவர் பாவியாக மாட்டார் என்று புகஹாக்கள் எழுதியிருக்கிறார்கள். ஆகவே, இனிப் பயனில்லை என்று நம்பத்தகுந்த மருத்துவர்கள் கூறிய பிறகும் மூச்சுக் கருவியில் இணைத்தே தீர வேண்டும் என்பது கட்டாயமல்ல. அதே வேளையில், துன்பம் தீரட்டும் என்று ஊசி போட்டு உயிரைப் போக்குவது கொலையாகும்; அது ஹராம். இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

வலியைத் தணிப்பது பொறுமைக்கு மாறானதா?

நோயினால் பாவங்கள் உதிர்கின்றன என்பது உண்மைதான். அதனால் வலிக்கு மருந்து கொடுக்க வேண்டியதில்லை என்று சிலர் எண்ணுகிறார்கள். இது தவறு. பொறுமை என்பது நோயாளியின் நன்மை. வலியை நீக்குவது பராமரிப்பவரின் கடமை. அவருடைய பொறுமையைக் காரணம் காட்டி நாம் நம் கடமையிலிருந்து நழுவ முடியாது.

புற்றுநோயின் கடும் வலிக்கு மார்பின் என்னும் மருந்தை மருத்துவர்கள் தருகிறார்கள். இது அபினியிலிருந்து எடுக்கப்படுவதால் நம் மக்கள் அஞ்சுகிறார்கள். போதைக்காக உட்கொள்வது வேறு. மருத்துவர் அளந்து கொடுக்க, வலி நீங்குவதற்காக உட்கொள்வது வேறு. பின்னது தேவையின் நிமித்தம் ஆகுமானது. இம்மருந்து நோயாளிகளுக்கு எளிதில் கிடைக்கும்படி 2014-ல் நம் நாட்டின் போதைப்பொருள் சட்டமும் திருத்தப்பட்டது.

உணவும் தண்ணீரும்

நோயாளிகளை உண்ணும்படி வற்புறுத்த வேண்டாம் என்று நாயகம் (ஸல்) அவர்கள் அருளியிருக்கிறார்கள். மரணம் நெருங்கும்போது பசி அடங்கிவிடுகிறது. அப்போது, "அத்தா, இன்னும் ஒரு வாய்" என்று திணிப்பது அன்பினால்தான். ஆனால் அது புரையேறி மூச்சை அடைக்கக் கூடும். ஸகராத்து வேளையில் ஸம்ஸம் தண்ணீரைக் கரண்டி கரண்டியாக ஊற்றுவதும் அப்படியே. நனைத்த பஞ்சினால் உதட்டையும் நாவையும் ஈரப்படுத்தினால் போதும்.

தொழுகையும் சுத்தமும்

நினைவு இருக்கும் வரை தொழுகை உண்டு. நிற்க இயலாதவர் உட்கார்ந்தும், அதுவும் இயலாதவர் படுத்துக்கொண்டு தலைச் சைகையாலும் தொழலாம். தண்ணீர் தீங்கு செய்யுமானால் தயம்மும் செய்யலாம். சிறுநீர்க் குழாய் பொருத்தப்பட்டவர் ஹனபி மத்ஹபின்படி ஒவ்வொரு தொழுகை நேரத்திற்கும் ஒரு தடவை ஒளுச் செய்துகொண்டால் போதுமானது. தலைச் சைகைக்கும் சக்தியற்றவரை, "தொழவில்லையே" என்று கடிந்து வேதனைப்படுத்தாதீர்கள்.

உடலைத் துடைப்பதும், மலஜலம் அப்புறப்படுத்துவதும், இரண்டு மணி நேரத்திற்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைப்பதும் பிள்ளைகளின் கடமை. இதை முழுவதும் மருமகளின் தலையில் சுமத்திவிட்டு மகன் திண்ணையில் உட்கார்ந்திருப்பது நீதியல்ல. அவள் செய்வது அவளுடைய நற்குணம். அவனுக்கோ அது கடமை. முதுமையடைந்த பெற்றோரிடம் சலிப்பைக் காட்டும் ஒரு சிறு சொல்லையும் குர்ஆன் தடுத்திருப்பது பிள்ளைகளை நோக்கித்தான்.

இல்லத்தில் இருப்பவர்கள்

பெற்றோரை முதியோர் இல்லத்தில் சேர்த்தவர், மாதந்தோறும் பணம் கட்டுவதோடு பொறுப்பு நீங்கிவிட்டதாக எண்ணக் கூடாது. கடைசிக் காலத்தில் பெரிய மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்வதா, இருக்கும் இடத்திலேயே வலி தணிப்புச் சிகிச்சை தருவதா என்பதை, அவருக்கு நினைவிருக்கும்போதே அவரிடம் கேட்டு, இல்லத்தாருக்கும் மருத்துவருக்கும் தெரிவித்து வைக்க வேண்டும். ஆணுக்கு ஆணும் பெண்ணுக்குப் பெண்ணும் பணிவிடை செய்யும்படி கேட்டுக்கொள்ள வேண்டும். அவர் கொடுக்க வேண்டிய கடன்களையும் விசாரித்துக் குறித்துக்கொள்ள வேண்டும். கலிமாவை அருகிலிருந்து மென்மையாகச் சொல்லிக்கொடுக்க ஒருவர் வேண்டும். அவர் ஒரு தடவை சொல்லிவிட்டால் நச்சரிக்கக் கூடாது.

மலப்புரம் தரும் படிப்பினை

இவற்றையெல்லாம் ஒரு குடும்பம் தனியே செய்வது கடினம்தான். கேரளத்து மக்கள் இதற்கு வழி கண்டிருக்கிறார்கள். 1993-ல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் டாக்டர் ராஜகோபால், டாக்டர் சுரேஷ்குமார் போன்றோர் வலி தணிப்புச் சிகிச்சையைச் சிறிய அளவில் தொடங்கினார்கள். சில ஆண்டுகளில் அது மலப்புரம் மாவட்டத்து ஊர்களில் மக்கள் பணியாகப் பரவியது. அக்கம்பக்கத்தார் பயிற்சி பெற்று, படுக்கையில் கிடப்பவர்களின் வீடு தேடிச் சென்றார்கள். கடைகளில் உண்டியல் வைத்துச் சில்லறைக் காசுகளாகவே செலவுக்குப் பணம் திரட்டினார்கள். நோயாளி எந்த மதத்தவர் என்று பார்க்கவில்லை. 2008-ல் கேரள அரசு இதைத் தன் கொள்கையாகவே அறிவித்தது.

தமிழகத்திலும் 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டிலேயே வலி தணிப்புச் சேவை அளிப்பதும் சேர்க்கப்பட்டிருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தை அணுகி இது பற்றி விசாரிக்கலாம்.

ஜமாஅத்தார் கவனத்திற்கு

சந்தூக்கு வைத்திருக்கும் ஒவ்வொரு பள்ளிவாசலிலும் ஒரு தண்ணீர்ப் படுக்கையும், ஒரு சக்கர நாற்காலியும் இருக்கட்டும். ஜும்ஆவுக்குப் பின் இரண்டு இளைஞர்கள் ஒரு நோயாளியின் வீட்டுக்குச் சென்று ஒரு மணி நேரம் இருந்தால், அன்று அவ்வீட்டார் சற்றுக் கண்ணயரலாம். நோயாளியைச் சந்திப்பது ஒரு முஸ்லிம் மற்றொரு முஸ்லிமுக்குச் செய்ய வேண்டிய கடமைகளில் ஒன்று. ஜனாஸாவின் பின்னால் நடப்பதும் அதே ஹதீஸில் உள்ள மற்றொரு கடமை. பின்னதைப் பேணிவரும் நாம் முன்னதையும் பேணுவோமாக!

நம் பெரியவர்களின் இறுதி நாட்களை அல்லாஹ் இலேசாக்கி வைப்பானாக! அவர்களுக்குப் பணிவிடை செய்யும் நல்வாய்ப்பை நமக்குத் தந்தருள்வானாக! ஆமீன்.