உலகம் உயிர்க்கு இசைந்திருத்தல்

சமய பாடத்தையும் விஞ்ஞான பாடத்தையும் ஒருவரே நடத்தும் நம் பாடசாலைகளில், மாணாக்கர் ஒரு வினாவை இரண்டற்கும் நடுவே கொண்டுவந்து வைப்பர். “இவ்வுலகம் நாம் வாழ்தற்கென்றே அமைந்ததுபோல இருத்தல் ஏன்?” என்பது அவ்வினா. விரைந்து விடை கூறி இடர்ப்படும் ஆசிரியர் பலர் ஆதலின், அதனை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

மேசைமேல் ஒரு கரித்துண்டை வைத்துப் பாடத்தைத் தொடங்குக. நம் உடம்பும், நெல்லும், மீனும் காபனின்றி அமையா. காபனோ விண்மீன்களினுள்ளே மூன்று ஈலியக் கருக்கள் கூடுதலால் உண்டாவது; அக்கூட்டம் எளிதின் நிகழ்வதன்று. உலகிற் காபன் மிகுதியாய் இருத்தலை ஏதுவாகக் கொண்டு, காபன் கருவுக்கு ஏறக்குறைய 7.65 மில்லியன் இலத்திரன்வோற்று அளவில் ஒரு சத்திநிலை இருத்தல் வேண்டுமென 1953 இல் பிரெட் ஹொயில் என்னும் ஆங்கில அறிஞர் அனுமித்தார். கலிபோர்ணியாவிற் பரிசோதித்தோர் அதனை உள்ளவாறே கண்டனர். அனுமானப் பிரமாணத்தைக் கற்பித்தற்கு அடுப்புப்புகையினும் இது நல்ல உதாரணமாம்.

யான் மிஷன் பாடசாலையிற் பயின்ற காலத்தில், பேலி என்னும் பாதிரியார் 1802 இல் எழுதிய நூலிலுள்ள கடிகார உவமையைக் கற்பித்தனர்: கடிகாரம் உண்டெனின் அதனைச் செய்தோனும் உண்டு என்பது. நம்மவருட் சிலர் அதற்கே திருநீறு பூசிச் சைவமென வழங்குகின்றனர். அது போதாது. காண்போர் வாழ்தற்கு இயையாத உலகத்தைக் காண்பார் எவருமிலர் என்னுங் கருத்தை, 1973 இல் பிராண்டன் காட்டர் கிராக்கோ நகரில் எடுத்துரைத்தார். சேற்றில் விழுந்து முளைத்த நெல், தன்பொருட்டே நிலம் நனைந்ததென வியக்கலாம்; தார்வீதியில் விழுந்த நெல் வியத்தற்கு முளைப்பதேயில்லை. இது வலிய தடையே. ஆயினும் வயலை நனைத்தது யாது என்னும் வினா இதனால் ஒழியாது.

மெய்கண்டதேவர் சிவஞானபோதத்து முதற் சூத்திரத்திலே, உலகின் பொருத்தத்தைக் கொண்டன்று, அது தோன்றி நின்று ஒடுங்குதலைக் கொண்டே முதல்வனை நிறுவினார். ஆதலாற் காபனின் அமைதி நாளை வேறோராற்றான் விளக்கப்படினும் சைவர்க்கு இழுக்கொன்றுமில்லை. அன்றியும், கடிகார உவமையில் உள்ளவை செய்தோனுஞ் செய்பொருளும் ஆகிய இரண்டே. எவர்பொருட்டு என்பதனையுஞ் சித்தாந்தம் கூறும். தநு கரண புவன போகங்கள், அநாதியேயுள்ள உயிர்களின் மலம் பரிபாகம் அடைதற்பொருட்டு மாயையினின்றுந் தோற்றுவிக்கப்படுவன. எனவே, இசைந்தது என்பதற்குச் சுகத்துக்கு இசைந்தது என்பது பொருளன்று.

நம் கரையோரத்திற் கற்பிப்போர் இதனை மறத்தலாகாது. 2004 டிசெம்பர் 26 அன்று, மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு என ஊரும் மதமும் பாராது கடல் புகுந்தது. இலங்கையில் மிகுதியான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டமே. சில மாதங்களின் பின் ஒரு மாணாக்கன், “வாழ்தற்கு அமைந்த உலகமாயிற் கடல் ஏன் வந்தது, ஐயா?” என்றான். சுமாத்திராவுக்கு அப்பால் ஒரு புவித்தகடு மற்றொன்றன்கீழ் நழுவியமையைச் சொன்னேன். அத்தகடுகளின் அசைவே எரிமலைகளின் வாயிலாகக் காபனீரொட்சைட்டை வளிக்கு மீட்டுத் தந்து, நெடுங்காலமாகப் பூமியின் வெப்பநிலையைக் காத்துவருதலையுஞ் சொன்னேன். அவன் அமைதியுற்றானல்லன். “அம்மா செய்த வினையா?” என்றான்.

வினைக்கொள்கை ஒருவன் தன்னை ஆராய்தற்கு உரியது. பிறர் இழப்பை அளத்தற்கு உரியதன்று. இன்ன உயிர்க்கு இன்ன வினை என அறிதல் முதல்வனுக்கே உரியது. ஆதலின் “யான் அறியேன், தம்பி” என்றேன். அன்றைப் பாடத்தை அவ்வளவில் நிறுத்தி, மணி அடிக்கும்வரை அவன் பக்கத்தில் அமர்ந்திருந்தேன்.