டிவியில் படம் வருகிறது, ஆம்ப்ளிஃபயரில் சத்தம் வரவில்லையா?

கம்ப்யூட்டரையோ செட்டாப் பாக்ஸையோ டிவியுடன் இணைத்து, அதன் சத்தத்தை வீட்டில் ஏற்கெனவே இருக்கும் ஆம்ப்ளிஃபயர் வழியாகக் கேட்கப் பலரும் விரும்புகிறார்கள். மெல்லிய டிவிக்குள் பெரிய ஸ்பீக்கர் வைக்க இடமில்லை. அதனால் பாட்டு சன்னமாக ஒலிக்கிறது, வசனம் தெளிவாகக் கேட்பதில்லை. காது சற்று மந்தமான பெரியவர்கள் இருக்கும் வீட்டில் நல்ல சத்தம் என்பது ஆடம்பரம் அல்ல, தேவை. ஆனால் கேபிள்களைச் செருகி முடித்ததும், படம் பளிச்சென்று வரும். ஆம்ப்ளிஃபயரில் விளக்கு எரியும். சத்தம் மட்டும் வராது.

உடனே "ஆம்ப்ளிஃபயர் போய்விட்டது" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். இந்தக் குறையைச் சொல்லி என்னைக் கூப்பிட்டவர்கள் வீடுகளில் பெரும்பாலும் எந்தச் சாதனமும் கெட்டுப் போயிருக்கவில்லை. கேபிள் வேறு சாக்கெட்டில் இருக்கும், அல்லது ஒரு செட்டிங் மாறியிருக்கும். புதிய சாதனம் வாங்கப் பணம் எடுக்கும் முன் கீழே உள்ள வரிசைப்படி சோதித்துப் பாருங்கள். எதையும் கழற்ற வேண்டியதில்லை.

சத்தம் செல்லும் பாதை

ஒரு தாளில் இப்படி எழுதிக்கொள்ளுங்கள்: கம்ப்யூட்டர் அல்லது செட்டாப் பாக்ஸ், அடுத்து டிவி, அடுத்து கேபிள், அடுத்து ஆம்ப்ளிஃபயர், கடைசியில் ஸ்பீக்கர். இந்த ஐந்தில் எங்கோ ஓரிடத்தில்தான் சத்தம் நின்றுபோகிறது. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது காரணம் என்று கடைசி வரை தெரியாது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

படி 1: ஆம்ப்ளிஃபயர் நலமா?

ஆம்ப்ளிஃபயரின் வால்யூமை முழுவதும் குறைத்துவிட்டு, ஹெட்போன் துளை உள்ள செல்போனையோ பழைய டிவிடி பிளேயரையோ அதன் ஆக்ஸ் சாக்கெட்டில் இணைக்கவும். பாட்டை ஓடவிட்டு வால்யூமை மெதுவாகக் கூட்டவும். பாட்டு கேட்டால் ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கரும் சரியாக உள்ளன. நேராக படி 2-க்குப் போகலாம்.

கேட்கவில்லை என்றால் இவற்றைப் பாருங்கள்.

* இன்புட் செலக்டர் ஆக்ஸில் இருக்கிறதா?
* மியூட் பட்டன் அழுத்தப்பட்டிருக்கிறதா?
* ஸ்பீக்கர் ஏ, பி என்ற பட்டன்களில் உங்கள் ஸ்பீக்கருக்கு உரியது அழுத்தப்பட்டிருக்கிறதா?
* முன்புறம் ஹெட்போன் செருகப்பட்டிருக்கிறதா? பல மாடல்களில் ஹெட்போன் செருகினால் ஸ்பீக்கர் நின்றுவிடும்.
* பழைய மாடல்களில் டேப் மானிட்டர் என்ற பட்டன் உண்டு. அது உள்ளே தள்ளியிருந்தால் நீங்கள் எந்த இன்புட்டைத் தேர்ந்தெடுத்தாலும் சத்தம் வராது.

ஸ்பீக்கர் வயரைத் தொடும் முன் ஆம்ப்ளிஃபயரை அணைத்துவிடவும். பிளஸ், மைனஸ் வயர்களின் நுனிகள் ஒன்றையொன்று தொட்டால் ஆம்ப்ளிஃபயர் உண்மையிலேயே கெட்டுவிடலாம்.

படி 2: டிவிக்குச் சத்தம் வருகிறதா?

ஆம்ப்ளிஃபயருக்குச் செல்லும் கேபிளைக் கழற்றிவிட்டு டிவியின் சொந்த ஸ்பீக்கரில் சத்தம் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் படி 3-க்குப் போங்கள். வரவில்லை என்றால் குறை டிவிக்கு முன்னால் இருக்கிறது.

கம்ப்யூட்டர் இணைத்திருப்பவர்கள் முதலில் கேபிளைக் கவனிக்கவும். வி.ஜி.ஏ. கேபிள் படத்தை மட்டுமே கொண்டு செல்லும், சத்தத்திற்குத் தனி வயர் வேண்டும். எச்.டி.எம்.ஐ. கேபிள் இரண்டையும் கொண்டு செல்லும். ஆனாலும் கம்ப்யூட்டர் தன் சத்தத்தைப் பழைய ஸ்பீக்கருக்கே அனுப்பிக்கொண்டிருக்கலாம். விண்டோஸ் 11-ல் கடிகாரத்தின் பக்கத்தில் உள்ள ஸ்பீக்கர் ஐகானில் ரைட் கிளிக் செய்து, சவுண்ட் செட்டிங்ஸ் என்பதைத் தேர்ந்தெடுக்கவும். அவுட்புட் பகுதியில் உங்கள் டிவியின் பெயர் இருக்கும். அதைக் கிளிக் செய்யவும்.

படி 3: கேபிள் சரியான இடத்தில் உள்ளதா?

சிவப்பு, வெள்ளை ஆர்.சி.ஏ. பின்கள்: டிவியின் பின்னால் உள்ள சிவப்பு, வெள்ளை துளைகள் பெரும்பாலும் ஆடியோ இன், அதாவது டிவிக்குள் சத்தம் வருவதற்கானவை. வெளியே எடுக்க ஆடியோ அவுட் என்று எழுதியிருக்க வேண்டும். இன்றைய பல டிவிகளில் அது இல்லை. ஹெட்போன் துளை இருந்தால் 3.5 மி.மீ. பின்னிலிருந்து ஆர்.சி.ஏ.வுக்கு மாறும் கேபிள் போதும். இந்த வழியில் பொதுவாக டிவியின் வால்யூமும் சத்தத்தைக் கட்டுப்படுத்தும். டிவி வால்யூம் பூஜ்யத்தில் இருந்தால் ஆம்ப்ளிஃபயரை எவ்வளவு திருப்பினாலும் பயனில்லை. ஆம்ப்ளிஃபயர் பக்கம் ஆக்ஸ் அல்லது சிடி சாக்கெட்டில் செருகவும். ஃபோனோ என்று எழுதிய சாக்கெட் ரெக்கார்டு பிளேயருக்கு உரியது. அதில் செருகினால் சத்தம் கரகரப்பாக, சிதைந்து கேட்கும்.

ஆப்டிகல் கேபிள்: இதை டாஸ்லிங்க் என்றும் சொல்வார்கள். தோஷிபா நிறுவனம் 1983-ல் கொண்டுவந்தது. இது சத்தத்தை ஒளியாக அனுப்புகிறது. புதிய கேபிளின் இரு நுனிகளிலும் சிறிய பிளாஸ்டிக் மூடி இருக்கும், அதை எடுத்தீர்களா? டிவி பக்கம் செருகி, மறுநுனியை உள்ளங்கைக்கு நேரே பிடியுங்கள். சிவப்பு ஒளி தெரிந்தால் கேபிள் வழியாக ஏதோ வருகிறது என்று அர்த்தம். நுனியைக் கண்ணருகே வைத்துப் பார்க்க வேண்டாம். கேபிளை மடித்து மூலையில் திணித்தாலும் கெட்டுவிடும்.

எச்.டி.எம்.ஐ. ஏ.ஆர்.சி.: 2009-ல் எச்.டி.எம்.ஐ. 1.4 பதிப்புடன் வந்த வசதி இது. டிவியிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்குச் சத்தம் அதே கேபிளில் திரும்பிச் செல்லும். டிவியில் ஏ.ஆர்.சி. அல்லது இ.ஏ.ஆர்.சி. என்று எழுதிய சாக்கெட்டில்தான் இது வேலை செய்யும். பெரும்பாலான டிவிகளில் அப்படி ஒரே ஒரு சாக்கெட்தான் இருக்கும். மறுநுனியை ஆம்ப்ளிஃபயரின் எச்.டி.எம்.ஐ. அவுட் சாக்கெட்டில் செருக வேண்டும். சத்தம் உள்ளே வருவதால் இன் சாக்கெட் என்று நினைப்பது இயல்பு, ஆனால் அது தவறு. அடுத்து டிவி மெனுவில் சி.இ.சி. வசதியை ஆன் செய்யவும். இதை சாம்சங் அனிநெட் பிளஸ் என்றும், எல்.ஜி. சிம்ப்ளிங்க் என்றும், சோனி பிராவியா சிங்க் என்றும் அழைக்கின்றன. அதன் பிறகும் சத்தம் இல்லை என்றால் இரண்டு சாதனங்களின் மின் பிளக்குகளையும் கழற்றி, சில நிமிடம் கழித்து மீண்டும் செருகவும்.

எந்த கேபிளானாலும், டிவியின் சவுண்ட் மெனுவில் சவுண்ட் அவுட்புட் என்ற இடத்தில் டிவி ஸ்பீக்கருக்குப் பதிலாக நீங்கள் பயன்படுத்தும் வழியைத் தேர்ந்தெடுக்க மறக்காதீர்கள்.

படி 4: மொழி புரிகிறதா?

இதுதான் பலரும் கவனிக்காத படி. ஆப்டிகல், எச்.டி.எம்.ஐ. இரண்டிலும் சத்தம் டிஜிட்டலாகச் செல்கிறது. அது பி.சி.எம். என்ற எளிய வடிவில் போகலாம், டால்பி டிஜிட்டல் போன்ற சுருக்கிய வடிவிலும் போகலாம். பழைய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயருடன் சேர்த்துப் பயன்படுத்தும் சிறிய டிஜிட்டல் டூ அனலாக் கன்வெர்ட்டர் பெட்டிகளில் பலவற்றுக்கு பி.சி.எம். மட்டுமே புரியும். டால்பி வந்தால் அவை மௌனமாக இருக்கும், அல்லது இரைச்சல் போடும்.

எங்கள் பகுதியில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தம் பழைய ஆம்ப்ளிஃபயரை இத்தகைய பெட்டி வழியாகப் புதிய டிவியுடன் இணைத்திருந்தார். சத்தம் சரியில்லை என்று வந்து பார்த்த மெக்கானிக், போர்டு மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். நான் போய் சேனல்களை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தேன். செய்திச் சேனல்களில் சத்தம் நன்றாக வந்தது. சில எச்.டி. சினிமா சேனல்களில் மட்டும் துளியும் இல்லை. எந்தச் சேனல் ஓடுகிறது என்பது ஆம்ப்ளிஃபயருக்குத் தெரியாது. அது கெட்டிருந்தால் எல்லாச் சேனலிலும் அல்லவா கெட்டிருக்க வேண்டும்? டிவி மெனுவில் டிஜிட்டல் சவுண்ட் அவுட்புட் ஆட்டோ என்று இருந்தது. அதை பி.சி.எம். என்று மாற்றியதும் எல்லாச் சேனலும் பேச ஆரம்பித்தன. செலவு ஒரு பைசா இல்லை. காது மந்தமான அவர் துணைவியார், வெகுநாளைக்குப் பிறகு, சத்தத்தைக் கொஞ்சம் குறைக்கச் சொன்னார்!

உங்கள் வீட்டிலும் சில சேனல்களில் அல்லது சில படங்களில் மட்டும் சத்தம் இல்லை என்றால் முதலில் இந்த செட்டிங்கைப் பாருங்கள். செட்டாப் பாக்ஸின் மெனுவிலும் இதே போன்ற தேர்வு இருக்கலாம்.

சத்தத்தோடு "உம்ம்" என்ற முனகல் வந்தால்

எர்த் இணைப்பு ஒன்றுக்கு மேற்பட்ட வழிகளில் சுற்றி வரும்போது இந்த முனகல் கேட்கும். டிஷ் அல்லது கேபிள் டிவி வயரைச் சற்று நேரம் கழற்றிப் பாருங்கள். முனகல் நின்றால் காரணம் அதுதான். கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் என்ற சிறு கருவியை ஆடியோ வயரின் நடுவில் இணைக்கலாம். ஆப்டிகல் கேபிளுக்கு மாறுவதும் நல்ல வழி, அதில் மின்சாரம் கடத்தப்படுவதில்லை. பிளக்கின் எர்த் பின்னை வெட்டிவிடச் சொல்லும் யோசனையை மட்டும் ஒருபோதும் ஏற்காதீர்கள். உயிருக்கே ஆபத்து.

நான்கு படிகளும் முடிந்து, படி 1-ல் செல்போன் பாட்டும் கேட்கவில்லை என்றால் மட்டுமே ஆம்ப்ளிஃபயரைச் சர்வீசுக்குக் கொடுங்கள். மூடியை நீங்களே திறக்க வேண்டாம். பிளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே கெப்பாசிட்டர்களில் மின்சாரம் தங்கியிருக்கும். எல்லாம் சரியாகிவிட்டால், டிவியின் பின்புறத்தை செல்போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பண்டிகைக்கு வெள்ளையடிக்கும்போது வயர்களைக் கழற்றினால் மறுபடி மாட்ட அது உதவும்.